புது வீட்டுக்கு வயரிங்: எர்த் குழியிலிருந்து டெஸ்ட் பட்டன் வரை

தமிழ்நாட்டில் முதன்முறையாகச் சொந்த வீடு கட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எலக்ட்ரிக்கல் படித்திருக்க வேண்டியதில்லை. வயர் இழுப்பது உங்கள் வேலையும் இல்லை. எந்தக் கட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தெரிந்தால் போதும். பூச்சு வேலை முடிந்துவிட்டால் வயரிங்கில் உள்ள தவறு கண்ணுக்குத் தெரியாது. லைட் எரியும், ஃபேன் சுற்றும், எல்லாம் சரி என்றே தோன்றும். எர்த் (கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் வயர்) வேலை செய்யவில்லை என்பது யாருக்காவது ஷாக் அடிக்கும்போதுதான் தெரியவரும்.

முதலில் வானத்தைப் பாருங்கள்

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே மனைக்கு மேலேயும் பக்கத்திலும் ஈபி கம்பி போகிறதா என்று பாருங்கள். தெருவில் போகும் சாதாரண வீட்டு சப்ளைக் கம்பியானால், மொட்டை மாடியிலிருந்து மேலே 2.5 மீட்டர், சுவரிலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். 11 கேவி (11,000 வோல்ட்) லைன் என்றால் மேலே 3.7 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர். 33 கேவி என்றால் பக்கவாட்டில் 2 மீட்டர். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளில் உள்ள கணக்கு இது. தரைத்தளம் கட்டும்போது தள்ளி இருக்கும் கம்பி, முதல் மாடியில் பால்கனியை நீட்டும்போது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். நீளமான இரும்புக் கம்பியை மாடிக்கு ஏற்றும்போது லைனில் பட்டுத் தொழிலாளர்கள் இறக்கும் செய்தி அடிக்கடி வருகிறது. லைன் கிட்டத்தில் இருந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து, அதற்கான கட்டணத்தைக் கட்டி, லைனை மாற்றிய பிறகே மேலே கட்டுங்கள். பிவிசி பைப்பைக் கம்பியில் மாட்டிவிட்டு வேலை செய்வது பாதுகாப்பே ஆகாது.

கட்டுமானத்துக்கு வாங்கும் தற்காலிக இணைப்பும் அப்படித்தான். தண்ணீர் மோட்டார், மிக்சர், வைப்ரேட்டர், கட்டிங் மெஷின் எல்லாமே ஈரத்தில் ஓடுபவை. அந்தத் தற்காலிக பலகையிலேயே ஒரு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் கருவி) மாட்டுங்கள். பின்னாளில் அதையே வீட்டு டிபிக்கு, அதாவது கரண்டை அறைகளுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டிக்கு, எடுத்துக்கொள்ளலாம், காசு வீணாகாது. பிளக் இல்லாமல் வயர் முனையை சாக்கெட்டில் குச்சி வைத்துச் செருகுவதை ஒரு நாள்கூட அனுமதிக்காதீர்கள்.

வேலையை யாரிடம் கொடுப்பது

பல்பு, ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச் போன்றவற்றை அதே திறனில் மாற்றிக்கொள்ள யாருக்கும் தடையில்லை. அதற்கு மேற்பட்ட வயரிங் வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும், தகுதிச் சான்றிதழ் உள்ளவர் மேற்பார்வையிட வேண்டும் என்பது சட்டம். தமிழ்நாட்டில் இந்த உரிமங்களைத் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம். மேற்பார்வையாளர், மின்கம்பியாளர், மின்கம்பியாளர் உதவியாளர் என்று சான்றிதழ்கள் தனித்தனியாக உண்டு.

நடைமுறையில் கொத்தனாருக்குத் தெரிந்த ஒரு தம்பி வந்து, பாயிண்டுக்கு இவ்வளவு என்று ரேட் பேசிவிட்டுப் போவார். அவர் நன்றாகவே வேலை செய்பவராக இருக்கலாம். இருந்தாலும் உரிம எண்ணைக் கேளுங்கள். புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடுவது யார் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். பாயிண்ட் ரேட்டில் எர்த் குழி, டிபி, சோதனை ஆகியவை சேர்ந்திருக்கின்றனவா என்றும் எழுதி வாங்குங்கள். கணக்கில் வராத வேலையைத்தான் கடைசியில் ஒப்புக்குச் செய்வார்கள், அது பெரும்பாலும் எர்த்தாகத்தான் இருக்கும்.

லோடு கணக்கும் சர்க்யூட் பிரிப்பும்

ஒரு தாளை எடுத்து அறை அறையாக எழுதுங்கள். எல்இடி பல்பு 9 வாட், சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட், அயர்ன் பாக்ஸ் 1000, இண்டக்‌ஷன் அடுப்பு 2000, கீசர் 2000 அல்லது 3000, ஒன்றரை டன் ஏசி சுமார் 1500 முதல் 1800. இப்போது ஏசி வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் படுக்கையறைகளுக்கு ஏசி பாயிண்ட்டை இந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு சுவரை வெட்டுவது செலவு. அதைவிட மோசம், சாதாரண பிளக் பாயிண்டிலிருந்தே ஏசிக்கு வயர் எடுத்துவிடுவது.

லைட், ஃபேன் சர்க்யூட் ஒன்றில் 10 பாயிண்டுக்கு மேலோ 800 வாட்டுக்கு மேலோ போகக் கூடாது என்பது நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் அளவு. 16 ஆம்பியர் பவர் பாயிண்ட் என்றால் ஒரு சர்க்யூட்டுக்கு இரண்டோடு நிறுத்துவார்கள். ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, தண்ணீர் மோட்டார் ஒவ்வொன்றுக்கும் டிபியிலிருந்து தனி வயர், தனி எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழுந்து அணைக்கும் ஸ்விட்ச்). சமையலறையில் கஞ்சத்தனம் வேண்டாம். மிக்ஸி, கிரைண்டர், ஓவன், கெட்டில், தண்ணீர் சுத்திகரிப்பான் என்று வந்துகொண்டே இருக்கும். அங்கே பாயிண்ட் போதாவிட்டால் எக்ஸ்டென்ஷன் பெட்டி வந்து அடுப்பு மேடை ஈரத்தில் உட்கார்ந்துவிடும்.

சென்டரிங் நாள்

தளத்துக்குக் கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் போடுவதற்கு முன்பு பைப் பதிப்பார்கள். அன்று நீங்கள் அங்கே இருக்க வேண்டும். பைப்பில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா, வளைவுகளில் பைப் நசுங்கியிருக்கிறதா, இணைப்புகளில் பசை தடவியிருக்கிறார்களா, ஃபேன் பாக்ஸின் கொக்கி கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பைப் வாய்களை எல்லாம் அடைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சிமெண்ட் பால் உள்ளே இறங்கி அடைத்துக்கொள்ளும். முக்கால் இன்ச் பைப்பில் நிறைய வயரைத் திணிப்பதைவிட, டிபிக்கு வரும் வழிகளில் ஒரு இன்ச் பைப் போடுவது நல்லது. நெரிசலில் வயர் சூடாகும், இழுக்கும்போது தோலும் உரியும். மூடுவதற்கு முன் செல்போனில் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஆணி அடிக்கும்போதும் துளை போடும்போதும் அந்தப் படம் உதவும்.

வயரும் எம்சிபியும் ஜோடி

வீட்டுக்குள் செம்பு வயர், ஐஎஸ் 694 தரத்தில். உறையில் எஃப்ஆர்எல்எஸ் என்றிருந்தால் தீப்பிடித்தாலும் புகை குறைவாக வரும். ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று ஓர் எண் இருக்கும். அதை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் உண்மையான உரிமமா என்று தெரிந்துவிடும். 90 மீட்டர் சுருளுக்குச் சந்தை விலையைவிட ரொம்பக் குறைவாகச் சொன்னால், செம்பு குறைவு என்றுதான் பொருள்.

லைட், ஃபேனுக்கு ஒன்றரை எம்எம் (கடைக்காரர் எம்எம் என்பது சதுர மில்லிமீட்டரை), பிளக் பாயிண்டுகளுக்கு இரண்டரை எம்எம், ஏசிக்கும் கீசருக்கும் நாலு எம்எம். மீட்டரிலிருந்து டிபிக்கு வரும் மெயின் வயர் லோடைப் பொறுத்து ஆறு அல்லது பத்து. எம்சிபி இந்த வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. ஒன்றரை எம்எம் வயருக்கு 6 அல்லது 10 ஆம்பியர், இரண்டரைக்கு 16, நாலுக்கு 20 அல்லது 25. எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று 16ஐக் கழற்றிவிட்டு 32 மாட்டுகிறார்கள். அதன்பிறகு எம்சிபி விழாது, சுவருக்குள் வயர்தான் உருகும். முன்பு ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றி வைத்தார்களே, அதே தவறுதான் இது.

நிறத்தையும் கவனியுங்கள். பேஸுக்கு (கரண்ட் வரும் வயர்) சிவப்பு, மஞ்சள், நீலம். நியூட்ரலுக்கு (கரண்ட் திரும்பும் வயர்) கறுப்பு. எர்த்துக்குப் பச்சை, அல்லது மஞ்சள் கோடு போட்ட பச்சை. பச்சை தீர்ந்துவிட்டது என்று கறுப்பை எர்த்தாக ஓட்டினால், பத்து வருடம் கழித்துப் பெட்டியைத் திறப்பவருக்கு எது எது என்று எப்படித் தெரியும்? ஸ்விட்ச் எப்போதும் பேஸில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் இருந்தால் லைட் அணைந்தாலும் ஹோல்டரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். பைப்புக்குள் எங்கும் ஜாயிண்ட் கூடாது. இணைப்பு எல்லாம் ஸ்விட்ச் பாக்ஸிலோ ஜங்ஷன் பாக்ஸிலோதான்.

எர்த், அதன் கூடவே ஆர்சிசிபி

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். "எர்த் போட்டாச்சு, எம்சிபி இருக்கு, அப்புறம் எதுக்கு ஆர்சிசிபி?" என்று கேட்கும் எலக்ட்ரீசியன்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு சின்ன வகுத்தல் கணக்கிலேயே பதில் இருக்கிறது.

கிரைண்டருக்குள் பேஸ் வயர் தேய்ந்து அதன் மெட்டல் உடம்பில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எர்த் வயர் சரியாக இருக்கிறது, எர்த் குழியின் ரெசிஸ்டன்ஸ் 5 ஓம், அது நல்ல அளவுதான். 230 வோல்ட்டை 5ஆல் வகுத்தால் 46 ஆம்பியர். நம் வீட்டு எர்த் வழியாகப் போகும் கரண்ட், மண் வழியே டிரான்ஸ்ஃபார்மரின் எர்த்துக்குத் திரும்ப வேண்டும். அந்த ரெசிஸ்டன்ஸையும் கூட்டினால் 46ஐவிடக் குறைந்துவிடும். 16 ஆம்பியர் சி வகை எம்சிபி உடனே விழ வேண்டுமானால் 80 முதல் 160 ஆம்பியர் வரை தேவை. 46 ஆம்பியரில் அது மெல்லச் சூடாகித்தான் விழும், அதற்குப் பல நொடிகள் ஆகலாம். அதுவரை கிரைண்டர் உடம்பில் கொல்லக்கூடிய வோல்டேஜ் நிற்கும். எர்த் குழி காய்ந்து 20 ஓம் ஆகிவிட்டால் போகும் கரண்ட் 11 ஆம்பியர்தான். எம்சிபி விழவே விழாது.

ஆர்சிசிபி வேறு விதமாக வேலை செய்கிறது. பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமா என்று மட்டுமே அது பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் கசிந்தால் 0.3 நொடிக்குள் சப்ளையைத் துண்டிக்கும். கசிவு அதைப்போல ஐந்து மடங்கு என்றால் 0.04 நொடிக்குள். ஈரமான உடம்பின் ரெசிஸ்டன்ஸ் ஆயிரம் ஓம் என்று எடுத்துக்கொண்டால் 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். இதயத் துடிப்பைக் குலைக்க அது போதும், அந்தக் கரண்ட் எவ்வளவு நேரம் பாய்கிறது என்பதில்தான் உயிர் நிற்கிறது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் வீட்டு இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியரை உச்ச அளவாகச் சொல்வதும் இதனால்தான். கடையில் 100, 300 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் கிடைக்கும். அவை ஆளைக் காப்பாற்றுவதற்கானவை அல்ல. பெட்டியில் 30 என்று இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

சரி, ஆர்சிசிபி இருந்தால் எர்த் வேண்டாமா? வேண்டும். எர்த் இல்லாத கிரைண்டரில் கசிவு வந்தால் கரண்ட் போக வழியில்லாமல் உடம்பிலேயே காத்திருக்கும். யாராவது தொட்டு, அவர் வழியாகக் கரண்ட் தரைக்குப் பாய்ந்த பிறகுதான் ஆர்சிசிபிக்குத் தெரியும். எர்த் இருந்தால் கசிவு தொடங்கிய உடனே, யாரும் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும். இரண்டில் ஒன்றை வைத்துச் சமாளிக்க முடியாது.

ஆர்சிசிபியால் முடியாததையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கையில் பேஸும் மறுகையில் நியூட்ரலும் பட்டு, கால் தரையில் படாமல் இருந்தால் அது விழாது. ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் விழாது, அதற்குத்தான் எம்சிபி. இரண்டும் ஒன்றாக வேண்டுமென்றால் ஆர்சிபிஓ என்று கிடைக்கும், விலை அதிகம்.

எர்த் குழிக்கு ஐஎஸ் 3043தான் வழிகாட்டி. கால்வனைஸ் பைப் என்றால் உள்விட்டம் 38 மில்லிமீட்டருக்குக் குறையாமல், நீளம் இரண்டரை மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கட்டடத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிப் போடுங்கள். நகரத்து மனைகளில் அந்த இடம் கிடைப்பது சிரமம்தான், ஆனால் வரைபடம் போடும்போதே ஒதுக்கினால் முடியும். பைப்பைச் சுற்றிக் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போடுவது பழைய முறை. நன்றாகவே வேலை செய்யும், ஆனால் உப்பு நாளடைவில் இரும்பை அரித்துவிடும். கெமிக்கல் எர்த் என்று விற்பதை வாங்கினாலும் மீட்டர் வைத்து அளக்காமல் நம்ப வேண்டாம். குழிக்கு மேல் சின்னத் தொட்டி கட்டி, திறந்து பார்க்கும்படி மூடி போட்டு, தண்ணீர் ஊற்ற வழி வையுங்கள். ஐப்பசி மழையில் அளந்தால் எல்லாக் குழியும் நல்ல குழிதான், சித்திரை வெயிலில் அளந்து 5 ஓமுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். பாறை நிலமானால் ஒரு குழி போதாது. இரண்டு மூன்று குழிகளைப் போதிய இடைவெளியில் போட்டு இணைக்க வேண்டியிருக்கும்.

பிளக் பாயிண்டில் எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் சின்ன வயரால் இணைத்துவிடுகிற பழக்கம் சிலரிடம் உண்டு. நியூட்ரல் எங்காவது அறுந்தால், வாஷிங் மெஷினின் உடம்பு முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும். இதைச் செய்கிறவரை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்துங்கள்.

டிபியை எப்படிப் பிரிப்பது

முழு வீட்டுக்கும் ஒரே ஆர்சிசிபி என்றால் பாத்ரூம் கசிவுக்கு ஃபிரிட்ஜும் அணைந்துவிடும். போதாக்குறைக்கு, எலக்ட்ரானிக் பொருட்கள் எல்லாம் சாதாரணமாகவே கொஞ்சம் கசிய விடும். அவை ஒன்றுகூடி 30ஐ நெருங்கினால் காரணமில்லாமல் விழத் தொடங்கும். எரிச்சலில் வீட்டுக்காரர் அதைக் கழற்றச் சொல்வார். அதனால் குறைந்தது இரண்டாகப் பிரியுங்கள். சமையலறை, பாத்ரூம், மோட்டார் ஒரு பக்கம், மற்றவை இன்னொரு பக்கம். இன்வெர்ட்டர் ஏசி, புது வாஷிங் மெஷின் உள்ள பக்கத்துக்கு ஏ வகை ஆர்சிசிபி வாங்குங்கள். 'AC' என்று குறித்திருக்கும் பழைய வகை ஆர்சிசிபி அவற்றின் கசிவைச் சரியாக உணராமல் போகலாம்.

ஒவ்வொரு ஆர்சிசிபிக்கும் அதன் நியூட்ரல் கட்டை தனியாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்து நியூட்ரல் மறுபக்கத்தோடு கலந்தால் லைட் போட்டதுமே விழும். பேட்டரி இன்வெர்ட்டர் வைக்கும் வீடுகளில் இந்தத் தொல்லை அதிகம், இன்வெர்ட்டர் லைன்களுக்கு நியூட்ரலைத் தனியாக ஓட்டச் சொல்லி முதலிலேயே பேசுங்கள். கரண்ட் போயிருக்கும்போது மெயின் பக்கத்து ஆர்சிசிபியை நம்ப முடியாது, இன்வெர்ட்டர் வெளியீட்டுக்கும் ஒன்று தேவை.

மூன்று பேஸ் இணைப்பானால் நியூட்ரல் ஸ்க்ரூவை இறுக்குவதில் அலட்சியம் கூடாது. அது கழன்றால் சில பாயிண்டுகளில் வோல்டேஜ் 400ஐ நெருங்கி, டிவி முதல் ஃபிரிட்ஜ் வரை ஒரே நேரத்தில் போய்விடும்.

பாத்ரூமும் வெளிப்புறமும்

கீசர் ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே பிளக் பாயிண்ட் வைத்தே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் தெறிக்காத மூலையில், 1.3 மீட்டருக்குக் கீழே வராமல், ஆர்சிசிபிக்குப் பின்னால். வெளிச்சுவர் பாயிண்டுக்கு மூடியுள்ள பெட்டி. துணி காயப்போடும் இரும்புக் கம்பியை சர்வீஸ் வயர் வரும் பைப்பிலோ ஈபி கம்பத்திலோ கட்டவே கூடாது.

மூன்று முனை பிளக்கில் எர்த் முனை மட்டும் நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. செருகும்போது எர்த் முதலில் சேரும், எடுக்கும்போது கடைசியாகப் பிரியும். அதை உடைத்துவிட்டு இரண்டு முனையாக்கிச் செருகினால் இதுவரை செய்த செலவு அத்தனையும் வீண்.

குடிபோவதற்கு முன் சோதனை

பொருட்கள் எதையும் மாட்டாமல் 500 வோல்ட் மெகரால் இன்சுலேஷனை அளக்க வேண்டும். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும், புது வயரிங்கில் அதைவிடப் பல மடங்கு வரும். ஒவ்வொரு பிளக்கிலும் எர்த் தொடர்பு இருக்கிறதா, பேஸ் வலது பக்கத்தில் இருக்கிறதா என்று ஒன்றுவிடாமல் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் ரெசிஸ்டன்ஸை உங்கள் கண் முன்னால் அளந்து, அந்த எண்ணையும் தேதியையும் டிபி கதவின் உட்புறம் எழுதச் சொல்லுங்கள். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் வைத்துக் கரண்ட் இல்லை என்று முடிவு கட்டி யாரும் கை வைக்கக் கூடாது.

ஆர்சிசிபியில் 'டி' என்று எழுதிய பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள்.

ஒருநாள் அது தானாகவே விழுந்தால் பதற வேண்டாம். எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை ஏற்றுங்கள். பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றினால் எதில் விழுகிறதோ அந்த சர்க்யூட்டில்தான் கசிவு. அதில் உள்ள பொருட்களைப் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள். எல்லா எம்சிபியும் இறங்கியிருக்கும்போதே விழுந்தால், எங்கோ நியூட்ரல் எர்த்தில் படுகிறது, எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். ஆர்சிசிபியைத் தவிர்த்து நேராக வயர் கொடுத்து ராத்திரியை ஓட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

வீட்டில் எல்லோருக்கும், பிள்ளைகளுக்கும் சேர்த்து, மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள். யாருக்காவது ஷாக் அடித்துப் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாமல் மெயினை இறக்க வேண்டும். ஸ்விட்ச் எட்டாத இடமென்றால் காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிட வேண்டும். மூச்சோ பேச்சோ இல்லையென்றால் 108ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் விடாமல் அழுத்த வேண்டும். தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் அருகே போகாதீர்கள், எதைக் கொண்டும் தள்ளாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. அந்த எண்ணையும் டிபி கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.